பேச்சு குறைவு, யோசனை அதிகம்: அகமுகச் சிந்தனையாளரின் பலமும் பலவீனமும்

அகமுகச் சிந்தனையாளரிடம் இரண்டு குணங்கள் சேர்ந்திருக்கும். முதலாவது அகமுகத்தன்மை. ஆட்களும் ஓசையும் பரபரப்பும் நிறைந்த இடத்தில் சீக்கிரம் களைத்துப்போவதும், தனிமையிலோ ஓரிருவர் துணையிலோ மீண்டும் தெம்பு பெறுவதும் அதன் அடையாளம். பேச்சுவழக்கில் இவர்களை 'இன்ட்ரோவர்ட்' என்கிறார்கள். இரண்டாவது, அலசிப் பார்க்கும் மனப்போக்கு. சொல்லப்பட்டதை அப்படியே ஏற்காமல் பிரித்துப் பார்ப்பது, காரணம் தேடுவது, எங்காவது முரண் தட்டுப்பட்டால் அது தீரும்வரை விடாமல் இருப்பது ஆகியவை இதில் அடங்கும். இரண்டும் தனித்தனிக் குணங்கள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே கூர்மையாக அலசுபவர்கள் உண்டு. தனிமையை நாடினாலும் அலசலில் நாட்டம் இல்லாதவர்களும் உண்டு. ஆனால் இரண்டும் ஒருவரிடமே அமையும்போது ஒன்றை மற்றொன்று வளர்க்கிறது. தனிமை யோசிக்க நேரம் தருகிறது; யோசனையில் கிடைக்கும் நிறைவு மறுபடியும் தனிமைக்கே அழைத்துச் செல்கிறது.

இத்தகையவரைத் தமிழ் வீடுகள் பல சொற்களால் குறிப்பிடுகின்றன. 'தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவர்', 'ஆழமானவர்' என்பவை பாராட்டு. 'அழுத்தக்காரர்', 'உம்மணாமூஞ்சி', 'தலைக்கனம் பிடித்தவர்' என்பவை குறை. பாராட்டும் குறையும் பெரும்பாலும் ஒரே நடத்தையைப் பற்றியவை. இந்தக் குணத்தின் பலங்களும் பலவீனங்களும் ஒரே வேரிலிருந்து முளைப்பதே அதற்குக் காரணம். எனவே பலவீனத்தை மட்டும் தனியே பிடுங்கி எறிய முடியாது. எந்த இடத்தில் பலம் பலவீனமாகத் திரும்புகிறது என்று அறிந்துகொண்டால், அந்த இடத்தில் தக்க ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

வகைப்பாடு உருவான விதம்

அகமுகம், புறமுகம் என்ற பிரிவைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங். 1921-இல் வெளிவந்த 'உளவியல் வகைகள்' என்ற நூலில், மனத்தின் ஆற்றல் எந்தத் திசையில் பாய்கிறது என்பதைக் கொண்டு மனிதர்களைப் பிரித்தார். வெளியுலகின் ஆட்களையும் பொருள்களையும் நோக்கிப் பாய்ந்தால் அது புறமுகம். தன்னுள் எழும் எண்ணங்களை நோக்கித் திரும்பினால் அகமுகம். சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என்று மனத்தின் நான்கு செயல்பாடுகளையும் அவர் குறித்தார். அகமுகமும் சிந்தனையும் ஓங்கிய வகையைத் தனியாக விவரித்தவரும் அவரே.

யுங்கின் கருத்தை அமெரிக்காவில் வினாத்தாள் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரு தாயும் மகளும். தாய் காத்தரின் பிரிக்ஸ். மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ். இருவரும் உளவியலில் முறையான பட்டம் பெற்றவர்கள் அல்லர். இரண்டாம் உலகப்போரின்போது புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு அவரவர் இயல்புக்கேற்ற பணி அமைய உதவ வேண்டும் என்ற எண்ணம் இந்த முயற்சிக்கு ஓர் உந்துதலாக இருந்தது. மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை அதன் விளைவு. அந்தப் பதினாறில் 'ஐஎன்டிபி', 'ஐஎன்டிஜே' என்ற எழுத்துக்கூட்டுகளால் குறிக்கப்படும் இரண்டு வகைகள் அகமுகச் சிந்தனையாளருக்கு மிக நெருக்கமானவை.

இந்தச் சோதனை உலகெங்கும் புகழ்பெற்றாலும் ஆய்வு உளவியலாளர்கள் அதை முழுமையாக ஏற்கவில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடியும் எழுதும்போது கணிசமானோர் வேறு வகையில் வந்து விழுகிறார்கள். மனிதரை அகமுகர், புறமுகர் என்று இரண்டு பெட்டிக்குள் அடைப்பதே இதன் அடிப்படைச் சிக்கல். உயரத்தைப் போலவே இந்தக் குணமும் ஒரு தொடர்ச்சியான அளவு. மிகக் குட்டையானவரும் மிக நெட்டையானவரும் சிலரே. பெரும்பாலோர் நடுவில் இருக்கிறார்கள். நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர் ஒருநாள் இந்தப் பக்கமும் மறுநாள் அந்தப் பக்கமும் விழுவதில் வியப்பில்லை. வேலைக்கு ஆள் எடுக்க இந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

இன்று ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது 'ஐந்து பெருங்குணங்கள்' என்ற அளவுமுறையை. புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை, இணக்கம், மனக்கலக்கம் ஆகியவை அந்த ஐந்து. இதில் அகமுகத்தன்மை என்பது புறமுக அளவின் கீழ்முனை. அலசும் நாட்டம் புதுமை நாட்டத்தின் அறிவுசார்ந்த பகுதியோடு நெருக்கமானது. சிந்திப்பதையே இன்பமாகக் கருதும் இயல்பை அளப்பதற்கு ஜான் கச்சோப்போ, ரிச்சர்டு பெட்டி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1982-இல் தனி அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். அது அறிவுக்கூர்மையின் அளவு அன்று. சிந்தனை உழைப்பின் மீதுள்ள விருப்பத்தின் அளவு.

உடலில் உள்ள வேர்

அகமுகத்தன்மை வளர்ப்பால் மட்டும் வருவதன்று. இரட்டையரையும் தத்துப்பிள்ளைகளையும் வைத்து நடந்த பல ஆய்வுகளின்படி, ஆளுக்கு ஆள் காணும் குணவேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை மரபணுவோடு தொடர்புபடுத்தலாம்.

பிரிட்டனில் பணியாற்றிய உளவியலாளர் ஹான்ஸ் ஐசங்க் இதற்கு ஓர் உடலியல் விளக்கம் தந்தார். அகமுகரின் மூளை இயல்பாகவே அதிக விழிப்பு நிலையில் இருப்பதால் வெளித்தூண்டல் கொஞ்சம் கூடினாலும் அவர்களுக்கு மிகையாகிவிடுகிறது என்பது அவர் கருத்து. நாக்கில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அகமுகருக்குக் கூடுதலாக உமிழ்நீர் சுரப்பதை அவர் செய்த புகழ்பெற்ற சோதனை காட்டியது. அவருடைய விளக்கத்தின் எல்லாப் பகுதிகளும் பின்னர் உறுதிப்படவில்லை. ஆனாலும் தூண்டலைத் தாங்கும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற மையக்கருத்து நிலைத்தது. ரஸ்ஸல் கீன் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பாடம் கற்கும்போது பின்னணி இரைச்சலின் அளவை மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அகமுகர் குறைந்த இரைச்சலையும் புறமுகர் அதிக இரைச்சலையும் தேர்ந்தார்கள். அவரவர் தேர்ந்த அளவில் இரு சாராரும் நன்றாகவே கற்றார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளிடம் ஆராய்ந்தார். புதிய ஓசை, புதிய மணம், ஆடும் பொம்மை ஆகியவற்றை உணர்ந்ததும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள் கைகால்களை உதறி அழுதன. அவற்றில் பல, வளர வளர, புதியவரிடம் தயங்கும் கவனமான பிள்ளைகளாயின. அந்தத் தயக்கமும் அகமுகத்தன்மையும் ஒன்றேயன்று. எனினும் குணத்தின் ஒரு பகுதி தொட்டிலிலேயே தெரியத் தொடங்குகிறது என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது.

எதனோடு குழப்பக் கூடாது

அகமுகத்தன்மையைக் கூச்சம் என்று எண்ணுவது பரவலான தவறு. கூச்சம் என்பது பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம். கூச்சமுள்ளவர் கூட்டத்தில் கலக்க ஆசைப்பட்டும் தயங்கி நிற்பார். அகமுகருக்கு அச்சம் இருக்க வேண்டியதில்லை. திருமண வீட்டில் எல்லாரிடமும் நன்றாகவே பேசிவிட்டு, சாப்பிட்டதும் வீடு திரும்பினால் போதும் என்று நினைப்பார். கூட்டத்தை எண்ணினாலே நெஞ்சு படபடத்து, படிப்பும் வேலையும் கெடும் அளவுக்குப் போனால் அது சமூகப் பதற்ற நோய். அதற்கு மருத்துவமும் மனநல ஆலோசனையும் உண்டு. 'அவன் சுபாவமே அப்படி' என்று விட்டுவிடக் கூடாது.

அகமுகருக்கு மனிதர்களே வேண்டாம் என்பதும் சரியன்று. உறவு இல்லாவிட்டால் அவர்களும் வாடுவார்கள். அவர்களுக்குத் தேவைப்படும் உறவுகள் எண்ணிக்கையில் குறைவு. நெருக்கத்தில் குறைந்தவை அல்ல. அதுபோல அலசும் நாட்டம் அறிவாளி என்பதற்கான சான்றிதழும் ஆகாது. தவறான தகவலை எடுத்துக்கொண்டு மிகக் கவனமாக அலசி மிகத் தவறான முடிவுக்கு வருவதும் நடக்கக்கூடியதே.

பலங்கள்

இந்தக் குணத்தின் முதல் பலம் ஒன்றிலேயே நெடுங்காலம் நிலைக்கும் கவனம். வரலாற்று மனிதர்களுக்கு இன்றைய சோதனைத்தாள் கொடுத்து வகை சொல்ல முடியாது. ஆனால் அவர்களுடைய பணிமுறை பதிவாகியிருக்கிறது. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள், பாறையிலும் கப்பலின் அடியிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற சிற்றுயிர்களை மட்டும் ஆராய்ந்தார். லண்டனுக்கு வெளியே டவுன் என்ற சிற்றூரில், நாள்தோறும் ஒரே நேரத்தில் வேலை, ஒரே பாதையில் நடை என்று வாழ்ந்த வாழ்க்கை அது. ஓர் இனத்துக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு இருக்க முடியும் என்பதை அந்த எட்டு ஆண்டுகள் அவருக்குக் கற்பித்தன.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் வழியாகச் சிகாகோ சென்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பணிமுறையும் இத்தகையது. ஒரு துறையை எடுத்துக்கொண்டால் பல ஆண்டுகள் அதிலேயே மூழ்கி, முழுமையான நூலொன்றை எழுதி முடித்துவிட்டு, அடுத்த துறைக்குப் போய்விடுவார். விண்மீன்களின் உள்ளமைப்பு பற்றி 1939-இல் வந்த நூலில் தொடங்கி, கருந்துளைகளின் கணிதம் பற்றி 1983-இல் வந்த நூல்வரை இந்த முறை மாறவில்லை. அதே 1983-இல் நோபல் பரிசும் வந்தது.

இரண்டாவது பலம், முதலில் தோன்றும் விடையை நம்பாமல் இருப்பது. அமெரிக்கப் பேராசிரியர் ஷேன் பிரெடரிக் 2005-இல் வெளியிட்ட சோதனைக் கணக்கொன்றை ரூபாயில் இப்படிச் சொல்லலாம்: ஒரு மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய், மட்டை பந்தைவிட 100 ரூபாய் அதிகம், பந்தின் விலை என்ன? 10 ரூபாய் என்ற விடை உடனே நாக்குக்கு வந்துவிடும். பந்து 10 ரூபாய் என்றால் மட்டை 110. கூட்டினால் 120 ஆகிவிடுகிறது. சரியான விடை 5 ரூபாய். நல்ல பல்கலைக்கழக மாணவர்களிலும் பலர் இதில் தவறினார்கள். சரியான விடைக்குத் தேவைப்படுவது கடினமான கணிதமன்று. 'பொறு, சரிதானா?' என்று ஒரு நொடி நிற்கும் பழக்கமே போதும். அலசும் மனம் இயல்பாகவே அப்படி நிற்கிறது. கடன் பத்திரத்தில் கையெழுத்திடும்போதும், அதிக வட்டி தருவதாக ஒரு நிதி நிறுவனம் ஆசை காட்டும்போதும் இந்த ஒரு நொடி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

மூன்றாவது, சிறு முரணையும் தள்ளிவிடாத நேர்மை. ஆங்கில அறிவியலாளர் ஹென்றி கேவண்டிஷ் 1785-இல் காற்றிலுள்ள நைட்ரஜனை மின்பொறியால் ஆக்சிஜனோடு சேர்த்து அகற்றிப் பார்த்தார். எவ்வளவு முயன்றும் ஒரு சிறு குமிழி எஞ்சியது. தொடக்கத்தில் இருந்த நைட்ரஜனில் 120-இல் ஒரு பங்குக்கு மேற்படாத குமிழி. வேறொருவர் அதைச் சோதனைப் பிழை என்று விட்டிருக்கலாம். கேவண்டிஷ் அதை அளந்து எழுதி வைத்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1894-இல், அறிவியலாளர்கள் ரேலியும் ராம்சேயும் அந்தக் குமிழியில் இருந்தது ஆர்கான் என்ற புதிய தனிமம் என்று கண்டார்கள். கேவண்டிஷின் குறிப்பு அவர்களுக்கு முன்சான்றாக அமைந்தது.

நான்காவது, தன் கருத்தையே சோதிக்கும் பழக்கம். தன் கொள்கைக்கு எதிரான உண்மை கண்ணில் பட்டால் உடனே குறித்துக்கொள்வதை டார்வின் ஒரு விதியாகவே வைத்திருந்தார். பிடித்த உண்மையைவிடப் பிடிக்காத உண்மைதான் மனத்திலிருந்து சீக்கிரம் நழுவும் என்று அவர் கண்டறிந்திருந்தார். பின்னாளில் எதிர்ப்பாளர்கள் எழுப்பிய கேள்விகளில் பலவற்றுக்கு அவர் முன்பே விடை தேடி வைத்திருந்ததற்கு இதுவே காரணம்.

ஐந்தாவது, தனித்து யோசித்துக் கருத்து உருவாக்கும் திறன். அமெரிக்க விளம்பரத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன், குழுவாக உட்கார்ந்து தோன்றியதையெல்லாம் சொல்லும் முறையைப் பரப்பினார். 1958-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நால்வர் சேர்ந்து யோசித்த குழுக்களைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் கருத்துகளைத் தொகுத்தபோது எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும்போது யோசனை அறுந்துபோகிறது. 1987-இல் மைக்கேல் டீலும் வொல்ஃப்காங் ஸ்ட்ரோபேயும் நடத்திய சோதனைகள் இந்தக் காரணத்தை உறுதிப்படுத்தின.

ஆறாவது, கேட்கும் காது. குறைவாகப் பேசுபவருக்கு அதிகம் கேட்க வாய்ப்புக் கிடைக்கிறது. பிறர் சொன்னதன் ஓட்டத்தை நினைவில் வைத்து, எங்கோ விடுபட்ட இழையைச் சுட்டிக்காட்டுவது இவர்களுக்குக் கைவந்த கலை. நெருங்கியவர்கள் நெருக்கடியில் இவர்களைத் தேடி வருவதற்கும் அதுவே காரணம். சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கையும் அதோடு சேர்கிறது.

பலவீனங்கள்

பலவீனங்களில் பெரியது, கண்டதை வெளியே சொல்லாமல் இருப்பது. கேவண்டிஷ் இதற்கும் எடுத்துக்காட்டு. அந்நியர்களிடம் பேச மிகவும் கூசிய அவர், வீட்டுப் பணிப்பெண்களுக்குக்கூடச் சீட்டெழுதி வைத்துத்தான் வேலை சொன்னார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். மின்னோட்டத்தை அளக்கக் கருவி இல்லாத காலத்தில், தன் உடம்பில் பாயும் அதிர்ச்சியின் கடுமையையே அளவாகக் கொண்டு அவர் சோதனைகள் செய்தார். பின்னாளில் கூலும், ஓம் ஆகியோர் பெயரால் வழங்கும் விதிகளை அவர்களுக்கு முன்பே எட்டியிருந்தார். அந்தத் தாள்களில் பெரும்பகுதி அச்சேறவில்லை. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அவற்றைப் பதிப்பித்தது 1879-இல். கேவண்டிஷ் இறந்து அதற்குள் 69 ஆண்டுகள் ஆகியிருந்தன. முழுமையாகச் சரிபார்க்காமல் வெளியிடக் கூடாது என்ற அதே கண்டிப்புதான் அவர் அளவுகளை நம்பகமாக்கியது. அதுவே அவருடைய அறிவு உலகுக்கு வந்து சேரும் வழியையும் அடைத்தது.

ஐசக் நியூட்டனிடமும் இதே போக்கு இருந்தது. நுண்கணிதத்தின் அடிப்படைகளை 1660-களிலேயே கண்டுவிட்டு வெளியிடாமல் வைத்திருந்தார். ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் தன் முறையை 1684-இல் அச்சிட்டார். யார் முதலில் கண்டவர் என்ற பூசல் இருவருடைய கடைசிக் காலத்தையும் கசப்பாக்கியது.

அடுத்தது முடிவெடுப்பதில் தாமதம். பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர்கள் நடைமுறையில் மிகச் சிறந்ததைத் தேடுவதில்லை, தேவைக்குப் போதுமானது கிடைத்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள் என்று 1950-களில் விளக்கினார். அலசும் மனத்துக்கு இந்த நிறுத்தம் கடினம். இன்னும் ஒரு கடை, இன்னும் ஒரு விமர்சனம், இன்னும் ஒரு ஒப்பீடு என்று தேடல் நீண்டுகொண்டே போகும். பாரி ஷ்வார்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதன் பலனையும் விலையையும் ஒருங்கே காட்டியது. படிப்பை முடித்து வேலை தேடிய அமெரிக்க மாணவர்களில், மிகச் சிறந்ததையே தேடியவர்களுக்குத் தொடக்கச் சம்பளம் மற்றவர்களைவிட 20 விழுக்காடு அதிகமாகக் கிடைத்தது. ஆனால் கிடைத்த வேலையில் அவர்களுக்கே நிறைவு குறைவாக இருந்தது.

மூன்றாவது, அலசல் கவலையாக மாறுவது. சிக்கலை ஆராய்வதும் சிக்கலிலேயே உழல்வதும் உள்ளிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தோன்றும். நேற்று மேலாளர் சொன்ன ஒரு சொல்லை இரவெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்ப்பவர் தான் காரணம் தேடுவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளின்படி, துயரத்தின் காரணத்தையே திரும்பத் திரும்ப அசைபோடுபவர்களுக்கு மனச்சோர்வு நீளவும் கடுமையாகவும் வாய்ப்பு அதிகம். புதிய தகவலோ அடுத்த செயலோ பிறக்காத யோசனை அலசல் ஆகாது. அது செக்கைச் சுற்றும் மாட்டின் நடை.

நான்காவது, உணர்ச்சியைக் கணக்காகப் பார்ப்பது. அலுவலகத்தில் பட்ட அவமானத்தை மனைவி சொல்லும்போது, கணவர் உடனே மூன்று தீர்வுகளை வரிசைப்படுத்துகிறார். தீர்வுகள் சரியாகவே இருக்கலாம். அந்த நேரத்தில் மனைவிக்கு வேண்டியிருந்தது 'அப்படியா, கஷ்டமாக இருந்திருக்குமே' என்ற ஒரு சொல். அந்தச் சொல் வராதபோது, இவருக்கு அக்கறை இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அக்கறை இருந்ததால்தான் தீர்வு தேடினார் என்பது இருவருக்குமிடையே சொல்லப்படாமலே போகிறது. பிழை கண்டதும் சுட்டிக்காட்டும் வழக்கமும் இத்தகையது. கருத்தைத்தான் திருத்துகிறோம் என்று அவர் நினைப்பார். தன்னைச் சபையில் தாழ்த்திவிட்டார் என்று மற்றவர் நினைப்பார்.

ஐந்தாவது, கண்ணில் படாமல் போவது. கல்லூரிகளில் வேலைக்கு ஆள் எடுக்கும் குழு விவாதத்தில், முதலில் பேசுபவரும் நிறுத்தாமல் பேசுபவரும் கவனம் பெறுகிறார்கள். யோசித்து வாய் திறப்பதற்குள் பேச்சு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது. அலுவலகத்திலும் செய்த வேலையைச் சொல்லிக்கொள்ளாதவருடைய உழைப்பு பிறர் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மௌனத்தைப் பிறர் தங்கள் விருப்பப்படி நிரப்பிக்கொள்வார்கள்: சிலருக்கு அது அகந்தையாகவும், சிலருக்கு விருப்பமின்மையாகவும், சிலருக்குத் திறமைக்குறைவாகவும் தெரியும்.

ஆறாவது, ஆர்வமில்லாத சிறு கடமைகளைத் தள்ளிப்போடுவது. கடினமான கணக்கில் பத்து மணி நேரம் உட்காருபவர் மின்கட்டணம் கட்ட மறந்துவிடுவார். உறவினரை நலம் விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்பு வாரக்கணக்கில் தள்ளிப்போகும். இதில் அடிபடுவது பெரும்பாலும் உடன் வாழ்பவர்கள்.

பலத்தைக் காத்துப் பலவீனத்தைத் தாங்கும் வழிகள்

குணத்தையே மாற்றிக்கொள்ளும் முயற்சி அதிகம் பயன் தருவதில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் சிலரை ஒரு வாரம் முழுவதும் புறமுகர்போல நடந்துகொள்ளச் சொன்னார்கள். சராசரியாகப் பார்த்தால் மகிழ்ச்சி கூடியது. ஆனால் மிகுந்த அகமுகர்களுக்கு அந்தப் பலன் குறைவாக இருந்தது. களைப்பும், தான் தானாக இல்லை என்ற உணர்வும் அவர்களுக்குக் கூடின. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் பிரையன் லிட்டில் நடைமுறைக்கு ஏற்ற வழியொன்றைச் சொல்கிறார். தனக்கு முக்கியமான ஒன்றுக்காக, வகுப்பு எடுக்கவோ மகளின் திருமணத்தை நடத்தவோ, ஒருவர் தன் இயல்பை மீறி நடக்க முடியும். அதன்பின் இயல்புக்குத் திரும்பி இளைப்பாற இடமும் நேரமும் வேண்டும். விருந்துக்கு நடுவே மொட்டை மாடியில் பத்து நிமிடம் நிற்பதும், கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்தே போவதும் அத்தகைய இளைப்பாறல்தான்.

முடிவெடுக்கும் தாமதத்துக்கு மருந்து, தேடத் தொடங்கும் முன்பே நிறுத்தும் இடத்தை எழுதி வைப்பது. இன்ன விலைக்குள், இன்ன மூன்று வசதிகளோடு, ஞாயிற்றுக்கிழமைக்குள் எது கிடைக்கிறதோ அதை வாங்குவது என்று குறித்துவிட்டால், அலசல் அந்த எல்லைக்குள் நன்றாக வேலை செய்யும். திருப்பி எடுக்க முடியாத முடிவுகளுக்கு மட்டும் நீண்ட யோசனையை ஒதுக்கலாம்.

உழலும் எண்ணத்துக்கு வெளியே ஒரு வழி வேண்டும். எண்ணத்தைத் தாளில் எழுதி, அதன் கீழே நாளை செய்யக்கூடிய ஒரு செயலை எழுதுவது உதவும். செயல் எதுவும் தோன்றவில்லை என்றால் அது ஆராய வேண்டிய சிக்கலன்று என்று தெரிந்துவிடும். அப்போது நடையும் தோட்ட வேலையும் நண்பர் ஒருவரின் பேச்சும் யோசனையைவிட நல்ல மருந்து. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி.

உறவுகளில், விடை சொல்லும் முன் ஒரு கேள்வி கேட்கும் வழக்கம் பல பூசல்களைத் தவிர்க்கும்: 'யோசனை சொல்லவா, இல்லை கேட்டுக்கொள்ளட்டுமா?' பிழை திருத்தும் முன் சரியாக இருப்பதைச் சொல்வதும், சபையில் சொல்லாமல் தனியே சொல்வதும் அலசலின் கூர்மையைக் குறைக்காது. அதனால் படும் காயத்தைத்தான் குறைக்கும். அலுவலகத்தில் வாரம் ஒருமுறை செய்த வேலையை நான்கு வரியில் மேலாளருக்கு எழுதி அனுப்பினால் அது தற்பெருமை ஆகாது. மேலாளருக்கு வேண்டிய தகவல்தான் அது.

சுற்றியிருப்பவர்களின் பங்கும் இதில் பெரிது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் விடைக்குக் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்திருந்தபோது விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். கூட்டத்துக்கு முன்பே பேசுபொருளை எழுதி அனுப்பும் மேலாளரும், 'ஏன் பேசமாட்டேன் என்கிறாய்' என்று விருந்தினர் முன் பிள்ளையைக் கேட்காத பெற்றோரும் அந்த மூன்று நொடியைத்தான் தருகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தகையவருக்கு வேண்டியது உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்கும் ஒருவர். 1684 ஆகஸ்டில் வானியலாளர் எட்மண்ட் ஹாலி கேம்பிரிட்ஜுக்குச் சென்று, சூரியனின் ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கேற்பக் குறைந்தால் கோள்களின் பாதை எப்படி இருக்கும் என்று நியூட்டனிடம் கேட்டார். நீள்வட்டம் என்று நியூட்டன் உடனே சொன்னார். முன்பே கணக்கிட்டுவிட்டதாகவும் தாளைக் காணவில்லை என்றும் சொன்னார். ஹாலி விடவில்லை. மறுபடி எழுத வைத்தார், எழுதியதை விரித்து நூலாக்கச் சொன்னார். அறிவியல் அமைப்பான ராயல் சங்கத்திடம் பணம் இல்லாதபோது அச்சுச்செலவையும் தானே ஏற்றார். அந்த நூல் 'பிரின்சிப்பியா' என்ற பெயரில் 1687-இல் வெளிவந்தது.

டார்வினுக்கும் அத்தகைய நண்பர்கள் இருந்தார்கள். இயற்கைத் தேர்வு என்ற கருத்து அவருக்கு 1838-இல் தோன்றியது. 1844-இல் அதை நீண்ட கட்டுரையாக எழுதி உறையிலிட்டு வைத்தார். வெளியிடும்படி நண்பரான நிலவியலாளர் சார்லஸ் லயல் 1856-இல் வற்புறுத்திய பின்னரே பெரிய நூலொன்றை எழுதத் தொடங்கினார். 1858 ஜூனில் இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அதே கருத்தை எழுதி அனுப்பியபோது டார்வின் நிலைகுலைந்தார். லயலும், மற்றொரு நண்பரான தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரும் இருவருடைய எழுத்தையும் சேர்த்து ஜூலை 1 அன்று லின்னேயன் சங்கத்தில் படிக்க ஏற்பாடு செய்தார்கள். பெரிய நூலை ஒதுக்கிவிட்டு அதன் சுருக்கத்தை எழுத டார்வின் அப்போதுதான் இசைந்தார். 'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பர் 24 அன்று வெளியானது. இருபது ஆண்டுகள் அவர் சேர்த்து வைத்த சான்றுகள் அந்நூலுக்கு வலிமை தந்தன. அவை வாசகரை அடைந்தது நண்பர்கள் விடாமல் கேட்டதால்.